இலைக்குக் கீழே

மொட்டை மாடியில் மண் நிரப்பிய ஒரே பையில் விதைபோட்டு முளைத்தவை முள்ளங்கியும் பீட்ரூட்டும். வீட்டுக்காரி செண்பகவல்லி ஆசை ஆசையாக எருவைக் கொட்டியதில் இரண்டுக்கும் இலை காடாக மண்டிவிட்டது.

"அண்ணே, வெளியிலேயே இந்தச் செழிப்புன்னா உள்ளே எவ்வளவு பெருசா இருப்பீங்க!" என்று பீட்ரூட் தினமும் வாயைப் பிளக்கும்.

"ஏதோ இருக்கேன் தம்பி" என்று முள்ளங்கி அடக்கமாகச் சொல்லிவைக்கும். மண்ணுக்குள் இருப்பது கிழங்கே இல்லை, எலிவால் மாதிரி வெறும் வேர் என்பது அதற்கு மட்டும்தான் தெரியும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டாலே, பிடுங்கத்தான் வருகிறாளோ என்று இலைகளைச் சுருக்கிக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் செண்பகவல்லி வந்து, முள்ளங்கியின் இலைக்கொத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். எலிவால் வெயிலில் ஆடியது. மானம் போச்சு என்று முள்ளங்கி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"கிழங்கு இல்லாட்டி என்ன, கீரை இருக்கே. பருப்புப் போட்டுக் கடைஞ்சுடலாம்" என்று அவள் அதை முறத்தில் வைத்தாள்.

முள்ளங்கிக்குப் பாதி உயிர் வந்தது. பீட்ரூட் எப்படியெல்லாம் சிரிக்கப்போகிறதோ என்று ஓரக்கண்ணால் பார்த்தது.

பீட்ரூட் சிரிக்கவில்லை. முளைத்த நாளிலிருந்து பிடித்துவைத்திருந்த மூச்சை 'அப்பாடா' என்று விட்டது.

"நீங்களுமா அண்ணே? முன்னாடியே சொல்லியிருந்தா நானும் நிம்மதியாத் தூங்கியிருப்பேனே!"