இருபதாம் தேதி வருகிறான்

மாமியார் உள்ளே வருவதைப் பார்த்ததும், கைபேசியில் விரிந்திருந்த பாலித் தீவைச் சுமையா அவசரமாக மூடினாள்.

"ஏன் மூடுறே? கடல்னா நாகூர்ல இல்லாத கடலா?" என்றார் ஷம்சாத்.

"கடல் மட்டும் இல்ல மாமி. தெருவுக்குத் தெரு கோயில், நாட்டியம், மலை பூரா அடுக்கடுக்கா நெல்லு வயல்..."

"நெல்லு வயல் பாக்க ஃப்ளைட் ஏறணுமாக்கும். கீழ்வேளூர்ல கொல்லைக் கதவத் திறந்தா போதும்."

சுமையாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஃபஹத் கத்தாரிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முப்பது நாள் லீவில் வருவான். போன முறை அத்தனை நாளும் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்திலேயே தீர்ந்துபோனது. இந்த முறை புருஷனோடு தனியாக ஆறு நாள் இருந்தால் போதும் அவளுக்கு. கேட்டால் அவன், "உம்மா என்ன சொல்றாங்களோ" என்று நழுவுகிறான்.

ஷம்சாத் ஒரு நோட்டை விரித்தார். "இருபதாம் தேதி வர்றான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். இருபத்தொண்ணு வலங்கைமான் பெரியத்தா வீட்டு விருந்து. இருபத்திரண்டு..."

"ஒரு நாள்கூட மிச்சம் இல்லையா மாமி?" சுமையா கண்ணைக் கசக்கினாள்.

"கண்ணைத் தொடச்சிட்டுப் பெட்டியக் கட்டு. பதிமூணாம் தேதி திருச்சியில உனக்கு ஃப்ளைட்."

"எங்க மாமி?"

"பாலிக்குத்தான். அவனும் கத்தார்லேருந்து நேரா அங்க வந்துருவான். லீவு பதினாலாம் தேதியே ஆரம்பிக்குதுன்னு இந்த ஊர்ல எனக்கு மட்டும்தான் தெரியும்."