முப்பத்தோராவது வளைவு

மலைப் பேருந்து ஓட்டும் சடையப்பனுக்கு முதுகில் ஜவ்வு விலகி, நான்கு மாதமாக வலது பாதம் மரத்து, அசையாமல் கிடந்தது. அறுவைச் சிகிச்சைக்கு முழு மயக்கம் மட்டும் வேண்டாம் என்று அடம்பிடித்தார். மனைவி தெய்வானைக்குப் பித்தப்பையை எடுத்தபோது அவள் மயக்கம் தெளிந்து இரண்டு நாள் வாந்தி எடுத்ததைப் பார்த்தவர் அவர். அதனால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, விழித்தபடியே குப்புறப் படுக்க வைத்தார்கள். தலைமாட்டில் மயக்க மருந்து டாக்டர் மெஹருன்னிசா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டிரைவர்தானே? என்னை மலைக்குக் கூட்டிட்டுப் போங்க."

சடையப்பன் கண்ணை மூடி வண்டியை எடுத்தார். ஆறாவது வளைவில் குரங்குகள். பன்னிரண்டில் பால் வண்டிக்கு வழிவிட்டார். முதுகில் எலும்பைக் கொறிக்கும் சத்தம் கேட்டபோது, "கியர்தான் மாத்தறேன், பயப்படாதீங்க" என்றார். முப்பதாவது வளைவில் தையல் போட்டு முடித்துவிட்டார்கள்.

"இன்னும் பத்து வளைவு இருக்கே டாக்டர்?"

"வார்டுக்கு வந்து ஏறிக்கறேன்."

சொன்னபடியே மாலையில் வந்தார். சடையப்பன் வாந்தி ஏதுமின்றிக் காபியை ருசித்துக்கொண்டிருந்தார். இடது கால் எப்போதோ விழித்துவிட்டது. வலது உள்ளங்காலில் கையை வைத்தபடி தெய்வானை உட்கார்ந்திருந்தாள்.

"எங்க விட்டோம்?"

"முப்பத்தொண்ணு. பொல்லாத வளைவு, யானை நிக்கும்." சடையப்பன் தம்ளரை வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "அதோ, குட்டியோட நிக்குது."

தெய்வானையின் உள்ளங்கையை அந்தப் பாதம் பிரேக்கை மிதிப்பதுபோல் மெல்ல அழுத்தியது. வண்டி நின்றது.