அகராதியில் 'ரெஸ்டா'

"இது அக்கிரமம் அத்தை! அப்படி ஒரு வார்த்தையே கிடையாது!"

பெரிய மாப்பிள்ளை துள்ளி எழுந்த வேகத்தில் மேஜை ஆடியது. எழுத்துக் கட்டைகள் நாலைந்து தரையில் சிதறின.

வழக்கமான ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்தான். மாமியார் ஓர் இங்கிலீஷ் வார்த்தை சொல்வார். அதன் எழுத்துகளையே இடம் மாற்றி அடுக்கி, மாப்பிள்ளைகள் ரெண்டு பேரும் வேறு வேறு வார்த்தைகள் கண்டுபிடிக்க வேண்டும். அர்த்தமும் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் என்றால் ரெண்டு பாயிண்ட். தகராறு வந்தால் மாமியார் மடியில் இருக்கும் அகராதியைப் புரட்டித் தீர்ப்புச் சொல்வார். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

இன்றைய வார்த்தை 'ஸ்டேர்'. முறைத்துப் பார்ப்பது. ஐந்து எழுத்து.

பெரியவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். கேட்கவா வேண்டும்?

"டியர்ஸ்! கண்ணீர். அதே எழுத்தை டேர்ஸ்னு படிச்சா கிழிக்கிறது. ரெண்டு பாயிண்ட்!"

பின்னாலேயே 'ரேட்ஸ்'. அதற்குப் பிறகு 'ஆஸ்டர்' என்று ஒரு பூ.

சின்னவர் கார் மெக்கானிக். தலையைச் சொறிந்து, கட்டைகளை நகர்த்தி, கடைசியில் ஒன்றை அடுக்கினார்.

"ரெஸ்டா."

"அப்படின்னா?"

"என்ன சகலை, தெரியாத மாதிரி கேக்குறீங்க? வீட்டுல ரெஸ்டா இருக்கேன்னு நீங்களே சொல்வீங்களே!"

"அடக் கடவுளே! அதுல ரெஸ்ட்தான் இங்கிலீஷ். ஆ தமிழ்!"

மாமியார் நிதானமாகப் பக்கங்களைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இருக்கே மாப்பிள்ளை. ரெஸ்டா. மரத்தடியில போடுற சாய்வு நாற்காலி. பகல் தூக்கம்னும் போட்டிருக்கு. சின்ன மாப்பிள்ளைக்கு ரெண்டு பாயிண்ட்."

அப்போதுதான் பெரியவர் துள்ளி எழுந்தார்.

கொஞ்ச நாளாகவே இதே கூத்து. மெக்கானிக் எதை அடுக்கினாலும் 'இருக்கு'. ஒரு மாப்பிள்ளை கண்ணில் வெண்ணெய், இன்னொரு மாப்பிள்ளை கண்ணில் சுண்ணாம்பு. எத்தனை நாள்தான் பொறுத்துக்கொள்வது?

"அகராதியை இப்படிக் கொடுங்க, நானே பாக்குறேன். அந்த வார்த்தை இல்லைன்னா, இனிமே ஞாயித்துக்கிழமை நான் இந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டேன்."

மாமியாரின் முகம் வாடிப்போனது.

"விடுங்க சகலை," சின்னவர் பதறினார். "எனக்கு அந்தப் பாயிண்டே வேண்டாம்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? பெரியவர் விடவில்லை. மாமியார் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

பிரேக் படம். அடுத்த பக்கத்தில் கிளட்ச். அதற்கடுத்த பக்கம் முழுக்க நட்டும் போல்ட்டும்.

மெக்கானிக் ஒர்க்‌ஷாப்பில் வைத்திருக்கும் உதிரிபாகப் புத்தகம்! அகராதி மாதிரியே தலையணை தடிமன்.

ஓஹோ, ரெண்டு பேரும் கூட்டா? வாத்தியாருக்கு ரத்தம் கொதித்தது. கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"பாத்துட்டீங்களா மாப்பிள்ளை? கொடுங்க," என்று மாமியார் கையை நீட்டினார்.

கை பெரியவர் பக்கம் வரவில்லை. ஓரடி தள்ளி, அவர் எழுந்து காலியாக விட்ட நாற்காலியைப் பார்த்து நீண்டிருந்தது.

வாத்தியாரின் வாய் தானாக மூடிக்கொண்டது.

நிமிர்ந்து பார்த்தார். மாமியாரின் பின்னால் நின்று சின்னவர் கையெடுத்துக் கும்பிட்டார். சொல்லிடாதீங்க என்று உதடு மட்டும் அசைந்தது.

முதுகு பிய்ந்த அகராதியைப் பைண்டிங்குக்கு எடுத்துப் போனவர் சின்னவர்தான் என்பது பெரியவருக்கு இப்போதுதான் நினைவு வந்தது. அவர் அலமாரியில் விட்டுப்போன புத்தகத்தை அத்தை அகராதி என்று எடுத்துவிட்டிருக்கிறார். மனுஷன் அதைக் காட்டிக்கொடுக்காமல் இருந்திருக்கிறார். இவரோ பாயிண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வெட்கமாக இருந்தது.

பரீட்சைத் தாளில் ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் மார்க்கைக் குறைக்கிற வாத்தியார், பிரேக் படத்தைப் பார்த்துக்கொண்டே கணீரென்று வாசித்தார்.

"ரெஸ்டா. மரத்தடியில் போடும் சாய்வு நாற்காலி. பகல் தூக்கம்... இருக்கு அத்தை. தப்பு என்மேலதான்."

"அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீங்கல்ல?"

"வராம எங்க போகப்போறேன்?"

சின்னவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "சகலை, சூடா காபி போட்டுக்கிட்டு வரேன்!" என்று சமையலறைக்கு ஓடினார்.

அவர் போனதும் மாமியார் குரலைத் தாழ்த்தினார்.

"இப்படி வாங்க மாப்பிள்ளை. கண்ணுல புரை. ஆபரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு, பயப்பட ஒண்ணுமில்ல. சின்னவர்தான் டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போறார்."

"சரிங்க அத்தை. ஆனா அந்த ரெஸ்டா..."

"வாராவாரம் தோத்துக்கிட்டே இருந்தா அவர் ஆட வருவாரா? அவர் வரலைன்னா நீங்க யாரோட ஆடுவீங்க? அதான் கேட்டதுக்கெல்லாம் இருக்குன்னுட்டேன். அவருக்குச் சொல்லிடாதீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு எவ்வளவு பாடுபடுறார், பாவம்!"

"எது தெரியாதுன்னு?"

மாமியார் சிரித்தார்.

"கண்ணுதான் மங்கிப்போச்சு மாப்பிள்ளை, மூக்கு நல்லாத்தான் இருக்கு. அகராதியில எங்கயாவது கிரீஸ் வாசனை அடிக்குமா?"