கடைசி டீசல்

அந்தத் தீவில் விளைவது தேங்காய் மட்டுமே; மற்றதெல்லாம் கப்பலில் வர வேண்டும். மூன்று வாரம் பிந்தி வந்த கப்பல் பாறைகளுக்கு அப்பால் நின்றது. வழிகாட்டிப் படகு போய் அழைத்தால்தான் உள்ளே வரும். படகுக்கு டீசல் இல்லை. டீசல் கப்பலில் இருந்தது. தீவில் மிச்சமிருந்த டீசல் ஆஸ்பத்திரி ஜெனரேட்டரில் எரிந்துகொண்டிருந்தது. அதை நம்பி ஒரு சிறுமிக்கு மெஷின் மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது. படகோட்டி அருமைநாயகம் காலி கேனோடு வாசலில் நின்றார்.

“மத்தியானம் கப்பல் கிளம்பிடுமாம், சிஸ்டர்.”

“போய்ட்டு வர எவ்வளவு நேரமாகும்?”

“நாப்பது நிமிஷம். காத்து எதிர்த்தா சொல்ல முடியாது.”

நர்ஸ் பிலோமினா மெஷின் குழாயைக் கழற்றிவிட்டு ரப்பர் பையை மாட்டிக் கையால் அமுக்கத் தொடங்கினாள்.

“டீசலைப் பிடிச்சுட்டுப் போங்கண்ணே.”

அவர் ஜெனரேட்டரை நிறுத்தினார். அதன் இரைச்சல் அடங்கிய பிறகுதான், கடற்கரைத் தென்னைகள் காற்றில் பேயாட்டம் ஆடும் சத்தம் இருவருக்கும் கேட்டது.