வேரில் வந்த கட்டி

ஒரு மானாவாரி நிலத்தில் தட்டைப்பயறும் சோளமும் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்தன. ஒருநாள் தட்டைப்பயறு தன் வேரில் சின்னச் சின்னக் கட்டிகள் புடைத்திருப்பதைக் கண்டு வெலவெலத்துப் போனது. நோய் வந்துவிட்டதென்று நினைத்து யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் சோளம் பார்த்துவிட்டது.

"தப்பா நினைக்காதே, கொஞ்சம் தள்ளியே இரு. எனக்கும் தொத்திக்கப் போகுது," என்று தன் வேரை இழுத்துக்கொண்டது.

காய்க்கிற வரைக்குமாவது உயிரோடு இருப்போமா என்று தட்டைப்பயறு தவித்தது. கடைசியில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு கட்டியிடமே கேட்டது. "என்னை எப்போ கொல்லப் போறே?"

கட்டிக்குள் குடியிருந்த நுண்ணுயிர்கள் திகைத்துப் போயின. "உன்னைக் கொன்னா நாங்க எங்கே போவோம்? நீ தர்ற சர்க்கரையிலதான் எங்க பிழைப்பே ஓடுது. அதுக்குப் பதிலாத்தான் காத்துல இருக்கிற நைட்ரஜனைப் பிடிச்சு உனக்கு உரமாக்கித் தர்றோம். உன் இலையைப் பார்க்கவே இல்லையா?"

வேரையே பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டதில் தட்டைப்பயறு இலையை மறந்தே போயிருந்தது. இப்போது நிமிர்ந்து பார்த்தது. ஒவ்வொரு இலையும் கரும்பச்சையாகத் தளதளத்தது. அப்பாடா என்று அது விட்ட மூச்சில் கிளையெல்லாம் அசைந்தது.

பக்கத்தில் வெளிறி நின்ற சோளம் மெல்லக் கேட்டது. "அக்கா, உன் இலை உதிர்ந்தா என் காலடியில போடுவியா?"

"வேரை நீட்டி வச்சுக்கோ," என்றது தட்டைப்பயறு.