சராசரிக் குழம்பு

சமையலறையில், வெங்காயம் உரிப்பதற்காக விரித்த அன்றைய பேப்பரின் மேல் ஒரே ஒரு வெங்காயம் கிடந்தது.

"விலைவாசி ஏறவே இல்லை" என்றது பேப்பர்.

அடுப்பிலிருந்த குழம்புச் சட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போன மாசம் வரைக்கும் ஆறு வெங்காயம் உரிச்சாங்க. இன்னைக்கு ஒண்ணு. இதுல அஞ்சு பேர் சாப்பிடணும். ஏறலையாம்!"

"நீ உன் வயித்தை மட்டும் பார்க்கிறே" என்றது பேப்பர். "வெங்காயம், தக்காளியெல்லாம் ஏறியிருக்கு, வாஸ்தவம்தான். ஆனா டிவி, ஏசி, விமான டிக்கெட்டெல்லாம் இறங்கியிருக்கே! மொத்தமாச் சேர்த்துப் பார்த்தா, சராசரி அப்படியேதான் இருக்கு."

சட்டியில் கடுகு வெடித்து அடங்கியது. எண்ணெய் புகையத் தொடங்கியது.

"சரிப்பா, எண்ணெய் கருகுது" என்றது சட்டி. "அந்த டிவியைப் பொடிசா நறுக்கிப் போடு, வதக்குறேன்."