ஒரே கார், இரண்டு தீர்ப்பு

பவுலினின் கணவன் சவரிமுத்துவையும் ஆறு வயது மகள் ரெஜினாவையும் அடித்துப் போட்டது ஒரே கார்தான். ஆனால் ஒரு சாவு இன்னொன்றின் தீர்ப்பைக் குழப்பிவிடக் கூடாதென்று, நீதிமன்றத்தில் ஆளுக்கொரு தீர்ப்பு இயந்திரம் வைத்திருந்தார்கள். எழுத்தர் அவளிடம் இரண்டு தாள்களை நீட்டினார்.

சவரிமுத்து வழக்கில் கார்க்காரன் குடித்திருந்தான்; குற்றவாளி. ரெஜினா வழக்கில் அதே ஆள் குடிக்கவில்லை. குழந்தைதான் குறுக்கே ஓடியிருக்கிறது.

“அவ அப்பா கையப் பிடிச்சிக்கிட்டுத்தானே சார் போனா?”

“அது அவரோட வழக்கும்மா. பாப்பா வழக்குல அவரே கிடையாது.”

வீட்டுக்கு வந்து தாள்களைப் படங்களுக்கு முன்னால் வைத்தாள். இத்தனை மாதம் அழுது மட்டுமே பார்த்த கணவனின் முகத்தை அன்றைக்குத்தான் முறைத்துப் பார்த்தாள்.

“அவ கைய ஏங்க விட்டீங்க?”